உருளும் வண்டி: சின்னப் பிள்ளைகளுக்கு வடிவமைப்பில் ஒரு முதல் பாடம்

நாம் செய்து காட்டியதைப் பிள்ளைகள் அப்படியே திரும்பச் செய்தால் அது கைவேலை வகுப்பு. முப்பது பேரும் ஒரே மாதிரி முப்பது பொருள் கொண்டுவருவார்கள். வடிவமைப்பு, தொழில்நுட்ப வகுப்பில் முப்பதும் வேறு வேறாக இருக்க வேண்டும். "ஏன் இப்படிச் செய்தாய்?" என்று கேட்டால் பிள்ளையிடம் பதிலும் இருக்க வேண்டும். முதன்முதலாக இந்தப் பாடம் எடுப்பவர்களுக்குச் சக்கர வண்டி நல்ல தொடக்கம். 7 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 40 நிமிட வகுப்புகள் நான்கு போதும்.

தேவையானவை: சிறிய அட்டைப்பெட்டி, தடித்த அட்டை, ஸ்ட்ரா, மூங்கில் குச்சி, டேப், பசை, களிமண். குச்சியின் கூர்முனைகளை நீங்களே முன்கூட்டி வெட்டிவிடுங்கள்.

படி 1: யாருக்காக?
"வண்டி செய்யுங்கள்" என்று மட்டும் சொல்லாதீர்கள். முதல் வகுப்புக் குழந்தை ஒன்று தன் பொம்மையை ஏற்றி இழுத்துப் போக ஒரு வண்டி வேண்டும் என்று சொல்லுங்கள். உடனே கேள்விகள் வரும்: பொம்மை எவ்வளவு பெரியது? கயிறு எவ்வளவு நீளம்? அந்தக் குழந்தையிடமே போய்க் கேட்டு, அளந்து வரட்டும்.

படி 2: தலைகீழாகப் பார்
இரண்டு மூன்று பொம்மை வண்டிகளைக் கவிழ்த்துக் காட்டுங்கள். சிலவற்றில் அச்சும் (இரு சக்கரங்களை இணைக்கும் தண்டு) சக்கரமும் சேர்ந்து சுற்றும். சிலவற்றில் அச்சு நிற்கும், சக்கரம் மட்டும் சுற்றும். இதை அவர்களே கண்டுபிடிக்க விடுங்கள். அப்புறம், தாங்கள் செய்யப்போகும் வண்டிக்கு ஆளுக்கு இரண்டு படம், அளவுகளோடு.

படி 3: அச்சும் சக்கரமும்
அதிக நேரம் இங்கேதான் போகும், போகட்டும். சுமார் 6 மி.மீ. ஸ்ட்ராவுக்குள் சுமார் 3 மி.மீ. குச்சி தடையின்றிச் சுற்றும். இரண்டு ஸ்ட்ராக்களைப் பெட்டியின் அடியில் இணையாக டேப் போட்டு ஒட்ட வேண்டும். குச்சிதான் அச்சு. அதை உள்ளே நுழைத்து, அதன் இரு முனைகளிலும், தடித்த அட்டையில் வெட்டி நடுவில் ஓட்டை போட்ட சக்கரத்தைப் பசையால் ஒட்ட வேண்டும்.

பாதிப் பேர் குச்சியையே பெட்டியோடு ஒட்டிவிடுவார்கள். வண்டி நகராது. நீங்கள் பிரித்து ஒட்டிக் கொடுக்காதீர்கள். "எது சுற்றணும், எது சுற்றக் கூடாது?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருங்கள். ஒரு நிமிட மௌனம் தாங்க முடியாததாகத் தோன்றும். அந்த ஒரு நிமிடத்தில்தான் பிள்ளை பொறியாளராக யோசிக்கிறது.

வண்டி நொண்டி நொண்டிப் போனால் சக்கரத்தின் ஓட்டை நடுவில் இல்லை என்று பொருள். சக்கரத்தின் அளவிலேயே ஒரு காகித வட்டம் வெட்டி, இரண்டு முறை பாதியாக மடித்துப் பிரிக்கச் சொல்லுங்கள். மடிப்புகள் வெட்டிக்கொள்ளும் இடமே மையம். அட்டைக்கு அடியில் களிமண் உருண்டையை வைத்து ஓட்டை போட்டால் விரலில் குத்தாது.

படி 4: சோதனை
புத்தகங்களின் மேல் ஒரு பலகையைச் சாய்த்து வண்டியை விடுங்கள். மூன்று முறை விட்டு, போன தூரத்தை அளந்து எழுதட்டும். பிறகு ஒரே ஒரு மாற்றம், மறுபடி அளவு. சக்கரத்தையும் எடையையும் ஒன்றாக மாற்றினால் எதனால் தூரம் கூடியது என்று தெரியாது. சரிசெய்து பார்க்க ஒரு முழு வகுப்பை ஒதுக்குங்கள். பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

கடைசியில் அந்த முதல் வகுப்புக் குழந்தையை அழைத்து வண்டியை இழுக்கச் சொல்லுங்கள். பொம்மை விழுந்தால், பழைய படத்தை அழிக்காமல், அதன்மேலேயே வேறு நிறப் பென்சிலால் மாற்றத்தை வரையட்டும்.