எண்டர் தட்டினால் கர்சர் எங்கே போக வேண்டும்? மேக்ரோவில் தவிர்க்க வேண்டியவை

பெங்களூரு சிக்பேட்டையில் ஒரு மொத்த ஜவுளிக் கடையில் கணக்கு பார்க்கிறேன். அங்கே பில் ஏற்றும் அக்கா இடது கையால் பில்லைப் புரட்டுவார். வலது கை நம்பர் பேடை விட்டு நகராது. பில் எண், மீட்டர், விலை மூன்றும் அடித்ததும் கர்சர் தானாக அடுத்த வரிக்குப் போக வேண்டும் என்று கேட்டார். எக்செல்லில் மேக்ரோ, அதாவது வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரல், எழுதினேன்.

எண்டர் தட்டினால் என் மேக்ரோ ஓடும்படி, அந்தச் சாவியை ஆன்கீ கட்டளையால் பிடித்தேன். என் கணினியில் நன்றாக ஓடியது. அக்கா தட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது பழையபடி கீழதானே போகுது?" என்றார். நான் கொடுத்திருந்தது ~ குறி மட்டும். அது எழுத்துகள் பக்கமுள்ள எண்டருக்குத்தான். நம்பர் பேட் எண்டருக்கு, நெளி அடைப்புக்குள் எண்டர் என்று ஆங்கிலத்தில் தனியாக எழுத வேண்டும். இரண்டையும் கொடுங்கள். ஆன்கீ திறந்திருக்கும் எல்லா ஃபைலுக்கும் பொருந்தும். அதனால் வேறு ஃபைலுக்கு மாறும்போது அதை விடுவிக்கவும் மறக்காதீர்கள்.

ஒர்க்‌ஷீட் சேஞ்ச் நிகழ்வில் (கட்டம் மாறியதும் தானாக ஓடுவது) எழுதுகிறவர்கள், மேக்ரோ தன்னையே மறுபடி கிளப்பாமலிருக்க எனேபிள் ஈவென்ட்ஸை ஃபால்ஸ் ஆக்குவார்கள். நடுவில் பிழை வந்து நின்றால் அது ஃபால்ஸாகவே கிடக்கும். அப்புறம் எந்த மேக்ரோவும் தானாக ஓடாது, எழுதிய மேக்ரோவே அழிந்துவிட்டதோ என்று பயம் வரும். பிழை வந்தாலும் கடைசியில் ட்ரூ ஆகும்படி ஆன் எரர் வழி கட்டாயம் வையுங்கள்.

மாறிய கட்டம் ஒன்றுதானா என்று பார்க்க டார்கெட்.கவுன்ட் (மாறிய கட்டங்களின் எண்ணிக்கை) போதாது. தாள் முழுவதையும் தேர்ந்தெடுத்து டெலீட் தட்டினால் 1,700 கோடிக்கு மேற்பட்ட கட்டங்கள். கவுன்ட் தரும் லாங் வகை எண் 214 கோடி சொச்சம்தான் தாங்கும், ஓவர்ஃப்ளோ பிழை வரும். அதற்குப் பதில் பெரிய எண்ணையும் தாங்கும் கவுன்ட்லார்ஜ் போடுங்கள். மேக்ரோ கட்டத்தில் எதையாவது எழுதினால் செய்ததைத் திரும்பப் பெறும் கண்ட்ரோல் இசட் கைவிட்டுவிடும். கர்சரை நகர்த்துவதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ஆனால் பெரிய தவறு, தேவையே இல்லாத இடத்தில் மேக்ரோ எழுதுவதுதான். எண்டர் திசையை ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்ட் பகுதியில் வலப்பக்கம் என்று மாற்றுங்கள். மூன்று நெடுவரிசைகளிலும் ஐம்பது வரிகளைத் தேர்ந்தெடுத்துவிட்டு அடிக்கத் தொடங்குங்கள். மூன்றாவது கட்டத்தில் எண்டர் தட்டியதும் கர்சர் அடுத்த வரியின் முதல் கட்டத்துக்கு வந்துவிடும். அம்புச் சாவியை மட்டும் தொடக் கூடாது, தொட்டால் தேர்வு கலைந்துவிடும். அக்கா இப்போது இப்படித்தான் ஏற்றுகிறார், நம்பர் பேடிலிருந்து கையை எடுக்காமலே.