விற்ற காருக்கு இன்சூரன்ஸ் அபராதம் வந்தால் என்ன செய்வது?

காரை விற்றுப் பணமும் வாங்கியாயிற்று. சில மாதம் கழித்து, இன்சூரன்ஸ் இல்லாமல் வண்டி ஓடியதாக உங்கள் செல்போனுக்கு இ-சலான் (மின்னணு அபராத நோட்டீஸ்) வருகிறது. மோட்டார் வாகனச் சட்டம் 196-ஆவது பிரிவின்படி முதல் முறை ரூ.2,000, அடுத்த முறை ரூ.4,000. மூன்று மாதம் வரை சிறைக்கும் சட்டத்தில் இடம் உண்டு. தொலையட்டும் என்று கட்டிவிடாதீர்கள். கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும். அந்த வண்டி மறுபடி சிக்கினால் அது இரண்டாவது குற்றமாகப் பதிவாகலாம்.

1. சலான் அசல்தானா?
எஸ்.எம்.எஸ்.ஸில் வந்த லிங்க்கைத் தொடாதீர்கள். போலி சலான் அனுப்பி, ஏ.பி.கே. ஃபைலை (செல்போனில் ஆப் நிறுவும் ஃபைல்) இறக்கவைக்கும் மோசடி ஏராளம். அரசின் பரிவாகன் இ-சலான் தளத்துக்கு நீங்களே போய் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். சலானில் உள்ள தேதி, நேரம், இடம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். போட்டோ இருந்தால் பெரிதாக்கிப் பாருங்கள். வேறு வண்டியின் நம்பரைத் தவறாகப் படித்திருப்பதும் நடக்கிறது.

2. குற்றம் நடந்த அன்றைக்கு ஆர்.சி. (வண்டியின் பதிவுச் சான்று) யார் பெயரில் இருந்தது?
எம்பரிவாகன் ஆப்பில் வண்டி எண்ணைப் போட்டால் உரிமையாளர் பெயர் பாதி மறைந்தபடி தெரியும். இன்சூரன்ஸ் எதுவரை என்பதும் தெரியும். வழக்கு நிற்பதும் விழுவதும் இங்கேதான்.

பெயர் மாறிய தேதிக்குப் பிறகு நடந்த குற்றம் என்றால் வேலை சுலபம். சலான் தளத்திலேயே புகார் பகுதியில் புது ஆர்.சி. விவரத்தையும் விற்பனை ஒப்பந்தத்தையும் ஏற்றி, கிடைக்கும் புகார் எண்ணைப் பத்திரப்படுத்துங்கள். அந்தத் தேதியில் பாலிசி இருந்தும் கணினியில் ஏறாமல் போயிருந்தால் பாலிசி நகலே போதும்.

பெயர் மாறவில்லையா? இனிதான் சிக்கல்.

3. பெயர் மாறாத வண்டி
புரோக்கரிடம், பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் வெற்றுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வருவது நம் ஊர் வழக்கம். வாங்கியவர் அதை ஆர்.டி.ஓ. ஆபீசில் கொடுக்காதவரை சட்டத்தின் கண்ணில் உரிமையாளர் நீங்கள்தான். விற்றதை 14 நாளுக்குள் (வெளிமாநிலத்துக்கு விற்றால் 45 நாள்) ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிப்பது விற்றவரின் கடமை. 30 நாளுக்குள் தெரிவிப்பது வாங்கியவரின் கடமை.

ஆனாலும் 196-ஆவது பிரிவு தண்டிப்பது, இன்சூரன்ஸ் இல்லாத வண்டியை ஓட்டியவரையும் ஓட்ட வைத்தவரையும் ஓட்ட அனுமதித்தவரையும்தான். வண்டி உங்கள் கையிலேயே இல்லை என்று காட்டினால் 'அனுமதித்தார்' என்ற பேச்சு பலவீனப்படும். அதற்கு வேண்டியவை:

- தேதியோடு மணியும் எழுதி இருவரும் கையெழுத்திட்ட டெலிவரி நோட் (வண்டியை ஒப்படைத்ததற்கான சீட்டு). நேரம் எழுதாத டெலிவரி நோட், விற்ற அன்றே விழுந்த சலானுக்கு உதவாது.
- பணம் வந்த வங்கிக் கணக்கு விவரம்
- வாங்கியவரின் அடையாள அட்டை நகல்
- வாட்ஸ்அப் உரையாடல்

புகாரில் சுருக்கமாக எழுதுங்கள்: "மேற்படி வாகனத்தை இன்ன தேதி, இன்ன மணிக்கு இன்னாரிடம் ஒப்படைத்துவிட்டேன். குற்றம் நடந்ததாகச் சொல்லப்படும் நாளில் வாகனம் என் வசம் இல்லை. வாங்கியவரின் முகவரி இணைப்பில் உள்ளது." போலீசார் கேட்டால் ஓட்டியவர் பற்றித் தெரிந்ததைச் சொல்வது 133-ஆவது பிரிவின்படி உரிமையாளரின் கடமை; அதையும் இதே கடிதம் பெருமளவு நிறைவேற்றிவிடும்.

2023 ஏப்ரல் 1 முதல், அங்கீகாரம் பெற்ற பழைய கார் டீலரிடம் கொடுத்திருந்தால், வண்டியை டீலரிடம் ஒப்படைத்ததைத் தெரிவிக்கும் 29சி படிவம் ஆன்லைனில் பதிவாகியிருக்க வேண்டும். அந்த ஒப்புகை இருந்தால், அடுத்தவர் பெயருக்கு மாறும்வரை பொறுப்பு டீலருடையது. சாதாரண புரோக்கருக்கு இது பொருந்தாது.

4. விர்ச்சுவல் கோர்ட்டுக்குப் போயிருந்தால்
கட்டாத சலான்கள் போய்ச் சேரும் ஆன்லைன் நீதிமன்றம்தான் விர்ச்சுவல் கோர்ட். அதன் தளத்தில் தமிழ்நாட்டைத் தேர்ந்தெடுத்து வண்டி எண்ணால் தேடுங்கள். அபராதம் கட்டுவது, வழக்கை எதிர்ப்பது என இரண்டு வழிகள் இருக்கும். எதிர்ப்பதைத் தேர்ந்தால் வழக்கு அந்த எல்லைக்குரிய நீதிமன்றத்துக்கு மாறும். நேரில் போக வேண்டிவரும். அலைச்சலையும் வக்கீல் செலவையும் யோசித்தே முடிவெடுங்கள். ஆதாரம் எதுவுமில்லாமல் ரூ.2,000-க்காகக் கோர்ட் ஏறுவது வீண்.

5. அன்றே ஆர்.டி.ஓ.வுக்குக் கடிதம்
சலானை விட இது முக்கியம். இன்சூரன்ஸ் இல்லாத அந்த வண்டி யார் மீதாவது மோதினால், இழப்பீடு ஆர்.சி.யில் உள்ளவர் தலையில்தான் விழும். 2018-இல் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. வண்டி பல கை மாறியிருந்தும் பதிவில் இருந்தவரே பொறுப்பு என்றது. அது லட்சக்கணக்கில் போகும்.

எனவே 29-ஆவது படிவத்தை இரண்டு பிரதியாக நிரப்பி, டெலிவரி நோட் நகலோடு, பதிவு செய்த ஆர்.டி.ஓ. ஆபீசில் கொடுத்து, உங்கள் பிரதியில் முத்திரை வாங்குங்கள். தாமதமாகிவிட்டாலும் கொடுங்கள். பெயரை மாற்றச் சொல்லி வாங்கியவருக்கு ஒப்புகை அட்டையோடு தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். ஆள் மசியவில்லை என்றால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

நோ கிளெய்ம் போனஸை (இழப்பீடு கோராத ஆண்டுகளுக்கான பிரீமியத் தள்ளுபடி) எடுத்துக்கொள்ளும் அவசரத்தில், பெயர் மாறுவதற்கு முன்பே பழைய பாலிசியை ரத்து செய்யப் போகாதீர்கள். போனஸ் உங்களுடையது, வண்டியோடு போய்விடாது. ஆர்.சி. மாறிய நகலை இன்சூரன்ஸ் கம்பெனியில் காட்டினால் அதற்கான கடிதம் தருவார்கள்.