கிதார் பதிவில் லாரிச் சத்தம்: ஆடாசிட்டியில் சுத்தம் செய்வது எப்படி?

கிருஷ்ணகிரியில் பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி என் வீடு. கல் ஏற்றிய லாரிகள் நள்ளிரவிலும் ஓய்வதில்லை. ஜன்னலைச் சாத்தினால் வியர்வை. மின்விசிறியைப் போட்டால் அதுவும் பக்கவாத்தியமாகச் சேர்ந்துகொள்கிறது. ஒலியைப் பதிந்து திருத்தும் இலவச மென்பொருளான ஆடாசிட்டியே இதற்குப் போதும்.

முதலில் பதிவு. மைக்கைக் கிதாரின் துவாரத்துக்கு நேரே வைக்காமல், பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) எதிரே ஒரு சாண் தள்ளி வையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். வாசிக்கத் தொடங்குமுன் பத்து விநாடி அசையாமல் இருந்து அறையின் மௌனத்தையும் பதியுங்கள். இதைத்தான் பலரும் மறக்கிறார்கள்.

அடுத்து ஹை பாஸ் ஃபில்டர்: குறிப்பிட்ட அளவுக்குக் கீழான தாழ்ந்த ஒலிகளை வடிகட்டும் கருவி. கிதாரின் ஆறாவது தந்தி திறந்த நிலையில் சுமார் 82 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு அத்தனை அதிர்வுகள். அதற்குக் கீழே கிதாரின் ஸ்வரம் எதுவும் இல்லை, லாரியின் உறுமல்தான். எல்லை 70 ஹெர்ட்ஸ், வெட்டின் சரிவு (ரோல்-ஆஃப்) 24 டெசிபல் என்று வைத்தால் உறுமல் அடங்கும். நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரமும் குறையும். ஆனால் அதன் இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸை வெட்டப் போகாதீர்கள்: ஆறாவது தந்தியின் மூன்றாம் ஃப்ரெட் 98 ஹெர்ட்ஸ், அதுவும் சேர்ந்து போகும். லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பதிவு செய்து பாருங்கள். பெரும்பாலும் குற்றவாளி அதுதான்.

இப்போது பின்னணி இரைச்சலைக் குறைக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷன். அந்தப் பத்து விநாடியைத் தேர்ந்தெடுத்து 'கெட் நாய்ஸ் ப்ரொஃபைல்' அழுத்துங்கள். பிறகு பதிவு முழுவதையும் தேர்ந்தெடுத்து அதே கருவியைத் திறங்கள். இரைச்சலை எத்தனை டெசிபல் குறைப்பது என்று அதில் ஒரு கட்டம் இருக்கும். நான் 6 வைக்கிறேன். முதன்முதலில் ஆசைப்பட்டு 24 வைத்தேன். கிதார் தண்ணீர்க் குடத்துக்குள்ளிருந்து ஒலித்தது. 'ரெசிட்யூ' என்பதைத் தேர்ந்து முன்னோட்டம் கேட்டால், நீக்கப்படும் ஒலி மட்டும் கேட்கும். அதில் தந்தியின் நாதம் கேட்டால் அளவைக் குறையுங்கள்.

விரல் வழுக்கும்போது எழும் கீச்சொலிக்கு இது உதவாது. அலைவடிவத்தைப் பெரிதாக்கி, கீச்சிட்ட இடத்தை மட்டும் தேர்ந்து, 'ஆம்ப்ளிஃபை' கருவியில் -6 கொடுங்கள். முழுக்க அழித்தால் ஆள் வாசித்ததாகவே தோன்றாது.

ஏர் ஹாரனுக்கு எந்தக் கருவியும் கிடையாது. அந்த வரியை மட்டும் மறுபடி வாசித்து, கார்டு (chord, சேர்ந்தொலிக்கும் ஸ்வரக்கூட்டு) மாறும் இடத்தில் வெட்டி ஒட்டுங்கள்.