பாட்டி சேலைத் துண்டில் ஒரு பொங்கல் வாழ்த்து

பாட்டியின் சுங்குடிச் சேலை நைந்துபோனபோது அதைக் கரித்துணியாக்க எனக்கு மனம் வரவில்லை. முந்தானையில் கையகலத் துண்டு ஒன்றை வெட்டி எடுத்து, அதில் பானை செய்து வாழ்த்து அட்டையில் ஒட்டி, பொங்கலுக்குச் சித்திக்கு அனுப்பினேன். பிரித்ததும் போன் செய்தார். "இது அம்மா சேலைதானேடி?" அதற்குமேல் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை அவருக்கு. அந்த அட்டையைச் செய்யும் விதம்தான் இது.

அட்டைக்கு 250 அல்லது 300 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) தாள் வேண்டும். பள்ளிக்கூடத்துச் சார்ட் பேப்பர் துணியின் கனத்தைத் தாங்காது. சென்னை பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் தாள் கடைகள் நிறைய உண்டு. ஏ4 அளவில் கேளுங்கள். ஒரு தாளைப் பாதியாக வெட்டினால் இரண்டு அட்டை. சேலை இல்லாதவர்கள் தெருமுனைத் தையற்கடையில் கேட்டால் வெட்டி ஒதுக்கிய துண்டுகள் கிடைக்கும். பருத்தியே எடுங்கள். பட்டும் ஷிஃபானும் கை பழகிய பிறகு.

முதலில் மடிப்பு. தாளை மடிக்காமல் நீளவாக்கிலும் அகலவாக்கிலும் லேசாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ, அந்தப் பக்கம் மடித்தால் மடிப்பு வெடிக்காது. ஸ்கேல் வைத்து, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் ஒரு கோடு அழுத்தி இழுத்துவிட்டு மடியுங்கள்.

அடுத்து வண்ணம். துணி ஒட்டுவதற்கு முன்பே பின்னணியைத் தீட்டிவிட வேண்டும். அக்ரிலிக்தான் நல்லது; போஸ்டர் கலர் காய்ந்த பிறகும் பசையின் ஈரம் பட்டால் கரைந்து துணியில் ஏறிவிடும். அட்டையை விரித்து, நான்கு ஓரத்தையும் மாஸ்கிங் டேப்பால் பலகையில் ஒட்டிக்கொண்டு மஞ்சளை மெல்லிசாகப் பூசுங்கள். டேப் இல்லாவிட்டால் தாள் சுருண்டுகொள்ளும்.

இனி துணி. என் முதல் அட்டையில் துணியை அப்படியே வெட்டிப் பசை தடவி ஒட்டினேன். விளிம்பெல்லாம் நூல் பிரிந்தது, பசை மேலே கசிந்து கறையானது. துணியை முதலில் விறைப்பாக்க வேண்டும் என்பது பிறகுதான் புரிந்தது. துணியை இஸ்திரி போடுங்கள். சாயம் போகிறதா என்று ஈரமான வெள்ளைத் துணியால் ஓரத்தில் ஒற்றிப் பாருங்கள். போனால் அலசிக் காயவைத்துவிட்டுத் தொடங்குங்கள். ஃபெவிகாலில் சம அளவு தண்ணீர் கலந்து, துணியின் பின்பக்கம் தூரிகையால் ஒரே ஒரு பூச்சு. கழுவி விரித்த பால் கவர்மேல் போட்டுக் காயவையுங்கள். பசை அதில் ஒட்டாது, காய்ந்ததும் துணி தானாக உரிந்து வரும். ஐப்பசி, கார்த்திகை மழை நாளில் நம் சென்னைக் காற்றில் ஓர் இரவு முழுக்க ஆகும். அவசரப்படாதீர்கள். காய்ந்த துணி தாள்போல நிற்கும், வளைவுகளைக்கூட நூல் பிரியாமல் வெட்டலாம்.

பானையைத் துணியின் பின்பக்கம் பென்சிலால் வரைந்து வெட்டுங்கள். சுங்குடியின் புள்ளிகள் பானையின் வயிற்றில் வருகிற மாதிரி இடம் பார்த்து வரையுங்கள், கோலம் போட்ட பானையாகவே தெரியும். இப்போது தண்ணீர் கலக்காத பசையை மெல்லிசாகத் தடவி, நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவி ஒட்டுங்கள். மேலே ஒரு பால் கவர், அதன்மேல் கனமான புத்தகம், இரண்டு மணி நேரம்.

பொங்கி வழியும் பாலுக்கு வெள்ளை அக்ரிலிக். தூரிகையில் ஈரம் குறைவாக இருக்கட்டும், இல்லையென்றால் நூல்வழியே பரவிவிடும். இரு பக்கமும் பச்சையில் கரும்புத் தோகை, போதும். துணிதான் பேச வேண்டும்.

வாழ்த்து எழுதி முடித்ததும் அட்டையைத் திருப்பி, பின்பக்க மூலையில் அது யாருடைய சேலை, எந்த விசேஷத்துக்கு வாங்கியது என்று சின்ன எழுத்தில் எழுதிவிடுங்கள்.