கடலடி வெப்பநிலையைக் கொண்டு வருங்கால நண்டுப்பாட்டைக் கணிப்பது எப்படி?

நண்டுப்பாடு, அதாவது பிடிபடும் நண்டின் அளவு, வரும் ஆண்டுகளில் கூடுமா குறையுமா என்று அறிய விரும்புவோர் பெரும்பாலும் இந்த ஆண்டு கூண்டுகளில் ஏறிய எடையையே முதலில் பார்க்கிறார்கள். அதைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டுக் கடலின் அடித்தரையிலிருந்து தொடங்குவதே சரியான வழி. அலாஸ்காவை ஒட்டிய கிழக்குப் பெரிங் கடலின் பனி நண்டு இதற்கு மிகத் தெளிவான பாடம். அங்கே ஆண் நண்டுகளை மட்டுமே பிடிக்கலாம்; ஓட்டின் அகலம் 78 மில்லிமீட்டரைத் தாண்ட வேண்டும் என்பது சட்டம் என்றாலும், சந்தை கேட்பது ஏறக்குறைய 102 மில்லிமீட்டர் அளவை. அந்த அளவுக்கு வளரப் பல ஆண்டுகள் ஆவதால், இன்றைய பாடு என்பது என்றோ அடித்தரையில் இறங்கிய குஞ்சுகளின் கணக்கே.

முதலில் எந்த வெப்பநிலையைப் பார்ப்பது என்பதில் தெளிவு வேண்டும். செயற்கைக்கோள் காட்டும் மேற்பரப்பு வெப்பம் எளிதில் கிடைக்கிறது. ஆனால் இளம் நண்டு வாழ்வது அடியில். குளிர்காலத்தில் கடல்நீர் உறையும்போது வெளியேறும் உப்பினால் கனத்த குளிர்நீர் கீழே தங்கிவிடுகிறது. கோடையில் மேலடுக்கு சூடேறிய பிறகும் 2 டிகிரி செல்சியஸுக்குக் குறைந்த அந்த நீர் திட்டுப்போல அடியில் பரந்து கிடக்கும். அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா கோடைதோறும் நடத்தும் இழுவலை ஆய்வில், பெரும்பாலும் 20 கடல் மைல் இடைவெளியில் அமைந்த நிலையங்களில், நண்டுகளின் எண்ணிக்கையோடு அடிநீரின் வெப்பமும் பதிவாகிறது. அந்த வரைபடத்தில் 2 டிகிரிக் கோடு எங்கே ஓடுகிறது என்பதையே முதலில் தேடுங்கள். ஆய்வு வரும்வரை காத்திருக்க இயலாதவர்கள் குளிர்காலக் கடற்பனியின் பரப்பைக் கவனித்தால் ஓரளவு முன்னறிவு கிடைக்கும்.

அந்தத் திட்டு சுருங்கினால் இளநண்டுகளுக்கு இரண்டு வகையில் கேடு வருகிறது. குளிருக்கு அஞ்சி விலகியிருந்த பசிபிக் காட் மீன்கள் உள்ளே நுழைந்து சிறு நண்டுகளைத் தின்கின்றன என்பது ஒன்று. மற்றொன்று, என் கணிப்பில் இன்னும் கொடியது, பசி. 0 டிகிரியிலிருந்து 3 டிகிரிக்கு நீர் சூடேறினால் பனி நண்டுக்குத் தேவைப்படும் உணவாற்றல் ஏறக்குறைய இரு மடங்காகிறது. தரையிலுள்ள இரை அதற்கேற்பப் பெருகுவதில்லை.

ஆகவே அடுத்த படியில், இளநண்டு எண்ணிக்கையை ஒருபோதும் தனியாகப் படிக்கக் கூடாது. 2018ஆம் ஆண்டு ஆய்வில் இளநண்டுகள் மிகப் பெருந்தொகையாக இருந்தன. அதே ஆண்டில்தான் குளிர்நீர்த் திட்டு அதுவரை காணாத அளவுக்குச் சுருங்கியிருந்தது. எண்ணிக்கையை மட்டும் பார்த்தவர்கள் நல்ல காலம் வருகிறது என்று நம்பியதில் வியப்பில்லை. சூடான நீரில் அத்தனை நண்டுகளும் ஒரே இரைக்குப் போட்டியிட்டன என்பதை அப்போதே படித்திருந்தால் அந்த நம்பிக்கை தணிந்திருக்கும். ஒரே ஓட்டு அகலமுள்ள நண்டுகளின் எடையை ஆண்டுக்காண்டு ஒப்பிடுங்கள். எடை குறைந்திருந்தால் பட்டினி தொடங்கிவிட்டது என்று பொருள்.

2020இல் பெருந்தொற்றால் ஆய்வு நடக்கவில்லை. 2021இல் வலை இழுத்தபோது, 1,000 கோடிக்கும் மேற்பட்ட நண்டுகள் இல்லாமற்போனது வெளிப்பட்டது. 2020–21 பருவத்தில் 4.5 கோடி பவுண்டாக இருந்த பிடிப்பு வரம்பு அடுத்த பருவத்தில் 56 லட்சமாகச் சரிந்து, 2022 அக்டோபரில் 2022–23 பருவத்துக்கான தொழிலே நிறுத்தப்பட்டது. கூண்டுகளை நம்பியிருந்த ஊர்களின் துயரத்தை இந்த எண்கள் சொல்வதில்லை.

கால இடைவெளியை ஒரு நண்டினத்திலிருந்து இன்னொன்றுக்குக் கடன் வாங்காதீர்கள். அமெரிக்காவின் ஓரிகன் கரையின் டஞ்சனஸ் நண்டில், கூஸ் விரிகுடாவில் ஒளியால் ஈர்த்துப் பிடிக்கும் பொறிகளில் வசந்தத்தில் சிக்கும் கடைநிலை இளவுயிரிகளின் (நண்டுருவம் பெறுவதற்குச் சற்று முந்திய மிதக்கும் குஞ்சுகளின்) எண்ணிக்கை சுமார் நான்கு ஆண்டுகளுக்குப் பிந்திய பாட்டோடு ஒப்பிடப்படுகிறது. அங்கே வெப்பநிலையோடு சேர்ந்து நீரோட்டத்தையும் பார்க்க வேண்டும்.

பெரிங் கடலில் 2024–25 பருவத்துக்குச் சுமார் 47 லட்சம் பவுண்டு வரம்போடு பனி நண்டுத் தொழில் மீண்டும் திறந்தது. இனிவரும் ஆய்வுகளில் அந்த வரம்பின் ஏற்றத்தைவிட, ஒரு கோடையில் எண்ணப்பட்ட சிறு நண்டுக் கூட்டம் அடுத்த கோடையில் ஓர் அளவு பெரிதாகி மீண்டும் தென்படுகிறதா என்பதையும், அவ்விரு கோடைகளிலும் 2 டிகிரிக் கோடு எவ்வளவு தெற்கே இறங்கியிருந்தது என்பதையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.