பினாங்கிலிருந்து பாரிசுக்கு: விசா இல்லாத பயணத்துக்கு ஒரு கோப்பு

தண்ணீர்மலைக் கோவிலின் 513 படிகளையும் இறங்கி வந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். ஆறாம் ஆண்டில் என்னிடம் படித்த பையன், இப்போது அவனுக்கே முன்தலை வழுக்கை, மனைவியோடு எதிரே வந்தான். "டீச்சர், மலேசியர்கள் நமக்குப் பிரான்சு போக விசா வேண்டாமாமே? டிக்கெட் எடுத்தால் போதும்தானே?" என்று கேட்டான். விசா வேண்டாம், ஆனால் டிக்கெட் மட்டும் போதாது என்றேன். மீதியை அங்கே நின்றபடி சொல்ல முடியவில்லை. வெயில் ஏறிவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

விசா கேட்கும் நாடு என்றால் எங்கே தங்குகிறாய், கையில் எவ்வளவு இருக்கிறது, எப்போது திரும்புவாய் என்பதையெல்லாம் தூதரகத்திலேயே கேட்டு முடித்துவிடுவார்கள். விசா கேட்காத நாட்டில் அதே கேள்விகள் விமான நிலையத்து முகப்பில் வரும். பதினான்கு மணி நேரம் சரியாகத் தூங்காமல் நிற்கிறவரிடம் வரும்.

2019-இல் முதல் முறை போனபோது இது எனக்குத் தெரியாது. என் தங்கை மகள் புதுச்சேரிக் குடும்பத்துப் பையனை மணந்து பாரிசின் வடபுறநகரில் இருக்கிறாள். "எங்கே தங்கப்போகிறீர்கள்?" என்றார் அதிகாரி. "மகள் வீட்டில்." "அதற்கான சான்று?" "அவள் வெளியே காத்திருக்கிறாள்." வீட்டுப்பாட நோட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்த பிள்ளையை நான் முப்பது வருடம் எப்படிப் பார்த்தேனோ, அப்படிப் பார்த்தார். நாற்பது நிமிடம் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பிறகு விட்டுவிட்டார்கள். தப்பு என்மேல்தான்.

2025 ஆகஸ்டில் இரண்டாம் முறை போனபோது கையில் ஒரு நீலக் கோப்பு இருந்தது. அதில் என்னென்ன வைத்தேன் என்பதுதான் இனி வருவது.

முதலில் கடப்பிதழ், அதாவது பாஸ்போர்ட். ஷெங்கன் நாடுகளை (தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகள், பிரான்சும் அதில் ஒன்று) விட்டு நீங்கள் வெளியேறும் நாளுக்குப் பிறகும் குறைந்தது மூன்று மாதம் அது செல்லுபடியாக வேண்டும். விதி அவ்வளவுதான். நான் ஆறு மாதம் வைத்துக்கொள்வேன், விமான நிறுவனத்து முகப்பில் வாதாடும் வயது எனக்குத் தாண்டிவிட்டது. புதுப்பிக்க 200 ரிங்கிட். அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு 100 ரிங்கிட், முதுமையில் கிடைக்கும் சில லாபங்களில் இது ஒன்று.

நம்மவர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. கடப்பிதழில் நம் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே ஏ/எல், ஏ/பி என்று, இன்னாரின் மகன், மகள் என்பதற்கான மலாய்ச் சுருக்கம் நிற்கிறதே, அது. டிக்கெட் பதிவில் சாய்கோட்டை ஏற்க மாட்டார்கள். குடும்பப் பெயர் எது என்றும் கேட்பார்கள், நமக்கோ அப்படி ஒன்று கிடையாது. முதல் பயணத்தில் என் பெயரையும் அந்த இரண்டு எழுத்தையும் ஒட்டவைத்து, உலகில் இல்லாத ஒரு பெண்ணுக்கு டிக்கெட் அச்சடித்துக் கொடுத்தார்கள். இம்முறை என் பெயரை ஒரு கட்டத்திலும் அப்பா பெயரை மற்றொன்றிலும் போட்டு, முன்பதிவு ஆனதும் தொலைபேசியில் கூப்பிட்டுச் சரிதானா என்று கேட்டுக்கொண்டேன். எப்படி எழுதினாலும் டிக்கெட், காப்புறுதி, அங்கிருந்து வரும் சான்று மூன்றிலும் ஒரே மாதிரி எழுதுங்கள்.

அடுத்தது அந்தச் சான்று. உறவினர் வீட்டில் தங்குகிறவர்களுக்கு பிரான்சில் 'அத்தெஸ்தாசியோன் தாக்கெய்' என்று ஒன்று உண்டு. இவரை என் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்று வீட்டுக்காரர் தம் ஊர் நகராட்சியில் எழுதிக் கொடுத்து, மேயர் அலுவலகம் ஒப்பமிட்டுத் தரும் தாள். நாம் இங்கிருந்து வாங்க முடியாது, அவர்கள்தான் அங்கே அலைய வேண்டும். அடையாள அட்டை, வீட்டுப் பத்திரம் அல்லது வாடகை ஒப்பந்தம், வருமானச் சான்று எல்லாம் கேட்பார்கள். 30 யூரோவுக்கு வரி முத்திரையும் வாங்க வேண்டும். கைக்கு வர ஒரு மாதம்கூட ஆகலாம். வந்த பிறகு அசலை உங்களுக்கு அஞ்சலில் அனுப்ப வேண்டும், ஏனென்றால் எல்லையில் காட்ட வேண்டியது அசல்தான். கைப்பேசியில் படம் பிடித்து அனுப்பிவிட்டு வேலை முடிந்தது என்று மருமகன் நினைத்துக்கொண்டிருந்தார். "மாப்பிள்ளை, அசல் வேண்டும்" என்று மூன்று முறை சொன்ன பிறகே தபால் நிலையத்துக்குப் போனார். டிக்கெட் தேதிக்கு மூன்று மாதம் முன்பே இந்தப் பேச்சைத் தொடங்கிவிடுங்கள்.

விடுதியில் தங்கினால் இந்த அலைச்சல் இல்லை. எல்லா இரவுக்குமான முன்பதிவை அச்செடுத்து வைத்தால் போதும்.

பணத்துக்கும் தங்குமிடத்துக்கும் முடிச்சு போட்டிருக்கிறார்கள். மேற்சொன்ன சான்று இருந்தால் நாளொன்றுக்கு 32.50 யூரோ வீதம் உங்களிடம் இருப்பதாகக் காட்டினால் போதும். விடுதி முன்பதிவு இருந்தால் 65 யூரோ, இரண்டும் இல்லாவிட்டால் 120 யூரோ. எல்லாம் ரொக்கமாக இருக்க வேண்டியதில்லை. நான் மூன்று மாத வங்கிக் கணக்கு அறிக்கையும் கடன் அட்டையும் ஐந்நூறு யூரோ ரொக்கமும் கொண்டுபோனேன். கல்யாண மொய்யை மொத்தமாகத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் இருந்தால், 10,000 யூரோவோ அதற்கு மேலோ ரொக்கம் இருந்தால் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும்.

காப்புறுதியும் கோப்பில் இருக்கட்டும். மருத்துவமனைச் செலவும் ஊருக்குத் திருப்பிக் கொண்டுவரும் செலவும் சேர்ந்து 30,000 யூரோவுக்குக் குறையாமல் ஏற்கும் திட்டமாக எடுங்கள், போகும் நாளும் வரும் நாளும் அதற்குள் அடங்க வேண்டும். திரும்பி வரும் டிக்கெட்டின் நகலும் தேவை.

இப்போது எல்லாரும் தடுமாறும் நாள் கணக்கு. எந்த 180 நாளை எடுத்தாலும் அதற்குள் 90 நாளுக்கு மேல் இருக்கக் கூடாது. இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் கணக்கில் சேரும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை கணக்கு தானாகப் புதிதாகும் என்று நினைக்கிறார்கள், அப்படி இல்லை. ஒவ்வொரு நாளும் அன்றிலிருந்து பின்னோக்கி 180 நாளை எண்ண வேண்டும். என் தோழி பேரப்பிள்ளை பிறப்புக்காக மே 1 முதல் ஜூன் 29 வரை அங்கே இருக்க நினைக்கிறாள். அது 60 நாள். மறுபடி ஆகஸ்ட் 20-ஆம் தேதி போய் இறங்கினால் மிச்சம் 30 நாள்தான், செப்டம்பர் 18-க்குள் வெளியேறிவிட வேண்டும். மே 1-ஆம் தேதி கணக்கிலிருந்து கழன்று விழுவது அக்டோபர் 28-இல்தான். ஒரு நாட்காட்டியைச் சுவரில் மாட்டிப் பென்சிலால் எண்ணுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் இணையத்தளத்தில் இதற்கு ஒரு கணிப்பானும் இருக்கிறது, ஆனாலும் பென்சில் கணக்கு மனத்தில் நிற்கும்.

இந்த 90 நாள் பிரான்சுக்கு மட்டும் உரியது அல்ல. ஷெங்கன் நாடுகள் 29-க்கும் சேர்த்துத்தான். தாய்லாந்தின் ஹாட்யாய்க்குப் போய் முத்திரை குத்திக்கொண்டு திரும்பும் கதையை நம் பக்கத்தில் கேட்டுப் பழகியவர்கள், சுவிட்சர்லாந்துக்கு ஒரு நடை போய்வந்தால் கணக்கு மாறும் என்று எண்ண வேண்டாம். பல்கேரியாவும் ருமேனியாவும்கூட 2025 ஜனவரி 1 முதல் முழுமையாக உள்ளே வந்துவிட்டன. அயர்லாந்தும் சைப்ரசும் பிரிட்டனும் வெளியே.

முன்பெல்லாம் முத்திரை மங்கலாக விழுந்தால் ஓரிரு நாள் கூடுதலானது யார் கண்ணிலும் படாமல் போகலாம். இனி நடக்காது. நான் திரும்பி வந்த இரண்டு மாதத்துக்குள், 2025 அக்டோபர் 12 முதல், முத்திரைக்குப் பதிலாகக் கணினிப் பதிவைத் தொடங்கிவிட்டார்கள். 2026 ஏப்ரல் 10-ஐக் கெடுவாக வைத்து எல்லா எல்லைகளுக்கும் படிப்படியாகக் கொண்டுபோகும் திட்டம் அது. முகத்தைப் படம் எடுத்து நான்கு விரல் ரேகையைப் பதிவார்கள். பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு ரேகை இல்லை. கட்டணமும் இல்லை. நாள் கூடினால் கணினியே காட்டிக்கொடுக்கும். முதல் பதிவுக்கு வரிசை நீளும் என்பதால் வேறு ஊரில் விமானம் மாறிப் போகிறவர்கள் கவனிக்க வேண்டும். பிராங்பர்ட்டிலோ ஆம்ஸ்டர்டாமிலோ மாறினால் எல்லைச் சோதனை அங்கேயே நடந்துவிடும், பாரிசில் அல்ல. ஒரு மணி நேர இடைவெளியில் அடுத்த விமானம் என்று யாராவது மலிவாகக் கொடுத்தால் வாங்காதீர்கள். மலேசியா ஏர்லைன்ஸ் 2025 மார்ச்சில் கோலாலம்பூர்–பாரிஸ் நேரடிச் சேவையை மறுபடி தொடங்கியதால் எனக்கு இந்தத் தொல்லை இருக்கவில்லை.

இன்னொன்றும் வரப்போகிறது. விசா வேண்டாத நம்மைப் போன்றவர்கள் ஷெங்கன் நாடுகளுக்குக் கிளம்பும் முன் எடுக்க வேண்டிய எத்தியாஸ் என்ற முன்னனுமதி. 2026-இன் கடைசிக் காலாண்டில் தொடங்கும் என்று அறிவித்திருக்கிறார்கள். கட்டணம் 20 யூரோ, பதினெட்டு வயதுக்குக் கீழும் எழுபதுக்கு மேலும் உள்ளவர்களுக்கு இலவசம். மூன்று வருடம் செல்லும், அதற்குள் கடப்பிதழ் முடிந்தால் அதுவும் முடிந்துவிடும். தொடங்கும் முன்பே பணம் கேட்கும் போலித் தளங்கள் கிளம்பியிருக்கின்றன. யூரோப்பா புள்ளி இயு என்று முடியும் முகவரியைத் தவிர வேறு எதிலும் அட்டை எண்ணைத் தட்டாதீர்கள்.

பாரிஸ் வரை போய்விட்டு லண்டன் பார்க்காமல் வருவதா என்று வீட்டில் ஒருவர் கேட்பார். என் வீட்டிலும் கேட்டார், முப்பத்தெட்டு வருடமாக அவர் கேட்டதை மறுத்துப் பழக்கமில்லை. பிரிட்டனுக்கு 2025 ஜனவரி 8 முதல் நமக்கு இடிஏ என்ற முன்னனுமதி கட்டாயம். நாங்கள் போனபோது ஆளுக்கு 16 பவுண்டு. கைப்பேசியிலேயே எடுத்துவிடலாம். அது கடப்பிதழ் எண்ணோடு கட்டுண்டது, கடப்பிதழ் மாறினால் மறுபடி எடுக்க வேண்டும். பாரிசின் கார் து நோர் நிலையத்தில் ரயில் ஏறும் முன்பே பிரெஞ்சுச் சோதனை, பிரிட்டிஷ் சோதனை இரண்டும் முடிந்துவிடும். திரும்பும்போது லண்டனில் ரயில் ஏறும் முன்பே பிரெஞ்சு அதிகாரி மறுபடி பார்ப்பார். ஆகவே நீலக் கோப்பை மகள் வீட்டு அலமாரியில் விட்டுவிட்டு லண்டன் போகாதீர்கள்.

இனிப் பெட்டி. கிளம்புவதற்கு முந்தின நாள் தங்கை ஒரு பெரிய பையோடு வந்து எங்கள் குளுகோர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கொட்டினாள். நெய் போத்தல், பால்கோவா, மாட்டிறைச்சி செருண்டிங், நெத்திலிக் கருவாடு, மிளகாய்த்தூள், ஜாதிக்காய் இனிப்பு, கொல்லை மரத்திலிருந்து ஒடித்து நாளிதழில் சுற்றிய கறிவேப்பிலை. பால் பொருளும் இறைச்சியும் ஐரோப்பாவுக்குள் போகக் கூடாது, அதனால் நெய்யும் பால்கோவாவும் செருண்டிங்கும் அவள் பக்கமே திரும்பின. கருவாடு போகலாம், மீன் வகைக்கு 20 கிலோ வரை இடம் உண்டு. "நெய் கூடாதாம், கருவாடு கூடுமாம், இது என்ன நியாயம் அக்கா?" என்றாள். மிளகாய்த்தூளும் ஜாதிக்காயும் கடையில் வாங்கிய முத்திரை பிரிக்காத பொட்டலங்கள், அவையும் போயின. பச்சை இலை, காய், பழம் எல்லாவற்றுக்கும் தாவர நலச் சான்று வேண்டும். விலக்கு ஐந்தே ஐந்து பழத்துக்கு: அன்னாசி, தேங்காய், வாழை, பேரீச்சை, அப்புறம் நம்புங்கள், டுரியான். டுரியானுக்குப் பேர்போன பாலிக் புலாவ்காரரான என் வீட்டுக்காரர் இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஐரோப்பா விட்டாலும் விமானத்தில் விட மாட்டார்கள் என்றதும் பழையபடி சாய்ந்துகொண்டார்.

மருந்துகளைப் பெட்டியில் போடாமல் கைப்பையில், மருத்துவர் சீட்டோடு வையுங்கள். நம் மூன்று முள் செருகி அங்கே நுழையாது, இரண்டு உருண்டை முள் கொண்ட மாற்றி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். முழங்காலையும் தயார் செய்யுங்கள். பாரிஸ் சுரங்க ரயில் நிலையங்கள் பலவற்றில் மின்தூக்கி இல்லை, படிதான். தண்ணீர்மலையில் இரண்டு மாதம் வாரம் ஒரு முறை ஏறி இறங்கியது எனக்கு அங்கேதான் உதவியது.

கோப்பை விமானத்தில் தலைக்கு மேல் வைக்காமல் மடியிலேயே வைத்திருந்தேன். அதிகாரி இம்முறையும் அதே கேள்வியைக் கேட்டார். நான் சான்றின் அசலை எடுத்து நீட்டினேன். தேதியைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், முத்திரை குத்தினார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, காப்புறுதித் தாளைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகவே இருந்தது.

கறிவேப்பிலையை லா ஷப்பேலில் வாங்கினோம். கார் து நோர் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் ஈழத்தமிழர் கடைகள் வரிசையாக இருக்கின்றன, மாணிக்க விநாயகர் கோவிலும் அங்கேதான். கோடை முடிவில் அந்தத் தெருக்களில் தேர் வரும். கறிவேப்பிலைக் கட்டின் விலையை ரிங்கிட்டில் பெருக்கிப் பார்க்காமல் வாங்கிவிடுங்கள். நான் பெருக்கினேன், அன்று முழுவதும் எங்கள் கொல்லை மரம் கண்ணிலேயே நின்றது.