ட்ரெக்கிங் பீக் போகலாமா? முதல்ல இறங்குற வழியைப் பாருங்க

ட்ரெக்கிங் பீக்னு பேர் இருக்கறதால நடந்தே ஏறிடலாம்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. நேபாள மலையேற்ற சங்கம் பெர்மிட் கொடுக்கற சில சிகரங்களுக்கு வழக்கத்துல ஒட்டிக்கிட்ட பேர்தான் அது. பெரும்பாலும் நடந்தே ஏறக்கூடிய மேரா பீக்கும் அந்த லிஸ்ட்லதான் இருக்கு, கை தேர்ந்தவங்களே திணறுற குசும் காங்குருவும் அதே லிஸ்ட்லதான் இருக்கு. அதனால பேரை நம்பாதீங்க, ஒவ்வொரு மலையையும் தனித்தனியா எடை போடணும். நான் ஒவ்வொரு படியிலயும் கேக்கற கேள்வி ஒண்ணுதான்: இங்க ஏதாவது ஆச்சுன்னா எப்படி இறங்குவேன்?

1. உயரத்தை விட்டுட்டு கிரேடைப் (ஏற எவ்வளவு கஷ்டம்ங்கற அளவை) பாருங்க

மேரா கிட்டத்தட்ட 6,470 மீட்டர், ஐலண்ட் பீக் 6,200க்கு கொஞ்சம் கீழ. ஆனா மேரால பெரும்பாலும் சாய்வான பனியில நடை, ஐலண்ட் பீக்லயோ கடைசில செங்குத்தான பனிச்சுவர், கயித்துல ஜூமர் (மேல மட்டும் நகரும், கீழ வழுக்காத பிடி) மாட்டி ஏறணும், நடுவுல பனிப்பிளவு வாயைத் திறந்திருந்தா அலுமினிய ஏணியை படுக்கப் போட்டு க்ராம்பான் (பனியில வழுக்காம இருக்க மாட்டற இரும்பு முள்ளு) போட்ட ஷூவோட தாண்டணும். ஆல்ப்ஸ் கிரேடுல எஃப் (F)னா சுலபம், பிடி (PD)ன்னா கொஞ்சம் சிரமம், ஏடி (AD)ன்னா கயிறு வேலை நல்லா தெரிஞ்சிருக்கணும். முதல் தடவைன்னா எஃப், இல்ல பிடி, அதோட நிறுத்திக்கோங்க. இந்த கிரேடு நல்ல வானிலைக்கு, நல்ல பனிக்கு போட்டது, காத்துல ஆக்சிஜன் கம்மிங்கறதை அது கணக்குல எடுத்துக்காது. பனியாறு வருஷா வருஷம் மாறுது, அதனால போன சீசன்ல போனவங்க எழுதினதை மட்டும் படிங்க.

2. மேப்பும் ஸ்கேலும்

50,000ல ஒரு பங்கு மேப்ல ஒரு மில்லிமீட்டர்னா தரையில 50 மீட்டர். கான்டூர் கோடு (ஒரே உயரத்துல இருக்கற இடங்களைச் சேக்கற கோடு) 40 மீட்டர் உயரத்துக்கு ஒண்ணுன்னா, ரெண்டு கோட்டுக்கு நடுவுல 2 மில்லிமீட்டர் இருந்தா சரிவு சுமார் 22 டிகிரி, 1 மில்லிமீட்டர்னா 39 டிகிரிக்கிட்ட. பனிச்சரிவு அதிகமா நடக்கறது 30லேர்ந்து 45 டிகிரிக்குள்ள. இதுல எல்லாரும் பண்ற தப்பு, தான் நடக்கற பாதையை மட்டும் அளக்கறது. பாதை தட்டையா இருந்தாலும் தலைக்கு மேல இருக்கற சரிவு 39 டிகிரின்னா அங்கேர்ந்து பனி விழறது உங்க மேலதான், அதையும் அளங்க.

3. தூங்கற உயரம்

இதுதான் எல்லாத்தையும் விட முக்கியம். ஏஜென்சி கொடுத்த பிளான்ல ஒவ்வொரு ராத்திரியும் எத்தனை மீட்டர்ல தூங்கறீங்கன்னு மட்டும் வரிசையா எழுதுங்க. 3,000 மீட்டருக்கு மேல ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல கூடக் கூடாது, மூணு நாலு நாளைக்கு ஒரு ஓய்வு நாள் இருக்கணும். 3,400, 4,100, 4,900னு ஓடுற பிளானா இருந்தா விலை எவ்வளவு கம்மியா இருந்தாலும் வேண்டாம்னு சொல்லிடுங்க. 5,500 மீட்டர்ல காத்தழுத்தம் கடல் மட்டத்துல இருக்கறதுல பாதிதான், மாரத்தான் ஓடற உடம்பா இருந்தாலும் பழகறதுக்கு நாள் வேணும்.

4. உடம்பு சொல்றதை கேளுங்க

தலைவலியோட வாந்தி, அசதி, தலைசுத்தல்ல ஏதாவது ஒண்ணு சேந்துச்சுன்னா அது உயர நோய்னே வெச்சுக்கோங்க, சரியாகற வரைக்கும் மேல போகக் கூடாது. ஒரு தடவை 4,900 மீட்டர் கேம்ப்ல கூட வந்த நண்பர் ஒருத்தர் "ஒண்ணுமில்லடா, லேசா தலைவலி"ன்னார், ஆனா ஷூ லேஸ் முடியத் தெரியாம ரெண்டு முனையையும் கையில புடிச்சுக்கிட்டு பாத்துட்டே இருந்தார். நேர்க்கோட்டுல குதிகாலை அடுத்த கால் விரல் நுனியில ஒட்டி வெச்சு நடக்கச் சொன்னோம், நாலாவது அடியில சாஞ்சுட்டார். மூளை வீங்க ஆரம்பிச்சதுக்கு அது ஒரு அடையாளம், விடியற வரைக்கும் காத்திருக்காம அந்த ராத்திரியே டார்ச் போட்டு கீழ கூட்டிட்டு வந்துட்டோம். சும்மா உக்காந்திருக்கும்போதே மூச்சு வாங்குது, சளியோட இருமல் வருதுன்னாலும் இதே கதைதான், அது நுரையீரல்ல நீர் கோத்துக்கறது. ரெண்டுக்குமே முதல் மருந்து இறங்கறது. ஆக்சிமீட்டர் (விரல்ல மாட்டி ரத்தத்துல ஆக்சிஜன் பாக்கற கருவி) நம்பர் நல்லா இருக்குன்னு அறிகுறியை ஒதுக்கிடாதீங்க.

5. வானிலை, திரும்பற நேரம்

2014 அக்டோபர்ல விசாகப்பட்டினத்துல கரை கடந்த ஹுட்ஹுட் புயலோட மிச்சம்தான் ரெண்டு நாள்ல அன்னபூர்ணா பக்கம் பனிப்புயலாச்சு, 5,416 மீட்டர் தோராங் லா கணவாய்லயும் சுத்து வட்டாரத்துலயும் 40 பேருக்கு மேல செத்தாங்க. அது ட்ரெக்கிங்குக்கு நல்ல மாசம்னு பேர் வாங்கின மாசம். அதனால வங்கக்கடல்ல புயல் சின்னம்னு நியூஸ் வந்தாலே பிளானைத் தள்ளி வைங்க. சிகர நாளுக்கு ஒரு திரும்பற நேரம், அதாவது உச்சியைத் தொடலைன்னாலும் கீழ திரும்பிடற நேரம், முந்தின நாளே முடிவு பண்ணுங்க, மேல போய் முடிவு பண்ணாதீங்க, அங்க யோசனை ஓடாது. வெயில் ஏற ஏற பனி இளகும், பிளவுக்கு மேல இருக்கற பனிப்பாலமும் அப்போதான் பலம் இழக்கும்.

6. பணம் கட்டறதுக்கு முன்னாடி

இன்சூரன்ஸ் எத்தனை மீட்டர் வரைக்கும் ஹெலிகாப்டருக்கு பணம் தரும்னு பாலிசியில படிச்சுப் பாருங்க. அப்புறம் ஏஜென்சிகிட்ட, ஒரு கைடுக்கு எத்தனை பேர், ஒருத்தருக்கு முடியாம போனா அவரோட யார் இறங்குவாங்க, அப்போ மேல இருக்கற மத்தவங்களோட யார் நிப்பாங்கன்னு கேளுங்க. "அதெல்லாம் பாத்துக்கலாம் சார்"னு பதில் வந்தா வேற ஏஜென்சி பாருங்க.